உதடு குவியாத உகரம்

'உப்பு' என்று மெல்லச் சொல்லிப் பார்த்தால் தெரியும். முதல் உகரத்துக்கு உதடுகள் குவிகின்றன. பகரத்துக்கு மூடித் திறக்கின்றன. கடைசி உகரம் வரும்போதோ, அவ்வளவு பக்கத்தில் இருந்தும் குவியாமல் நின்றுவிடுகின்றன. எழுத்தில் இரண்டும் உகரம்தான்.

*

உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறப்பவை என்கிறது தொல்காப்பியம். 'உப்பு' என்பதன் ஈற்றில் வருவது போன்ற குற்றியலுகரத்தை அந்த வரிசையில் சேர்க்காமல் சார்பெழுத்தாகத் தனியே வைக்கிறது. அதற்கு அளவு அரை மாத்திரை, பாதிக் கண்ணிமைப் பொழுது. உதட்டைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆனால் சார்பெழுத்து, தான் சார்ந்து நிற்கும் எழுத்தின் பிறப்பையே ஒட்டிப் பிறக்கும் என்று ஒரு விதி உண்டு. 'நாடு' என்னும்போது டகரத்தைத் தொட்ட நாக்கு விலகுகிறதே, அந்த விலகல்தான் நமக்கு உகரமாகக் கேட்கிறது. உதட்டை இழந்த உயிர், மெய்யின் மேல் சாய்ந்துகொள்கிறது. சார்பெழுத்து என்ற பெயர் இதற்குப் பொருந்துகிற அளவு வேறெதற்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

*

மலையாளத்தில் இதே 'நாடு' உகரக் குறி இல்லாமல் எழுதப்படுகிறது. டகரத்தின் தலையில் சந்திரக்கலை என்ற பிறைக்குறி மட்டும். அந்த ஒலியை அவர்கள் சம்விருதோகாரம் என்கிறார்கள். மெய்யீறு புள்ளி பெறும் என்று சொன்ன கையோடு குற்றியலுகரமும் அப்படித்தான் என்கிறது தொல்காப்பியம். அதுவும் புள்ளி பெறும் என்று அதற்குப் பொருள் கொண்டவர்கள் உண்டு. நம் எழுத்தில் அந்தப் புள்ளி இல்லை. நாம் உகரத்தை எழுதிவிட்டு, குவியாமல் படிக்கிறோம்.

*

பேச்சில் இன்னொன்று நடக்கிறது. மனிதர்களின் பெயர் என்று வந்தால் உதடு மறக்காமல் குவிகிறது. ராமு, பாலு, சீனு. 'இது நல்ல பட்டு' என்று கடைக்காரர் சேலையை விரிக்கும்போது அவர் உதடு தட்டையாகவே இருக்கும். 'பட்டு வந்துட்டாளா?' என்று பாட்டி பேத்தியைக் கேட்கும்போது அதே உகரம் முழுதாகக் குவியும். இலக்கணப்படி இரண்டுமே வன்தொடர்க் குற்றியலுகரம்தான். வாய் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வீட்டோட சாவி, ராமுவோட சைக்கிள். வீட்டின் உகரம் ஓகாரம் வந்ததும் கரைந்துபோகிறது. ராமுவின் உகரம் போக மறுத்து, நடுவில் ஒரு வகரத்தைக் கூட்டிக்கொள்கிறது. வகரம் பல்லும் இதழும் சேர்ந்து பிறப்பது. குவிந்த உகரம் துணைக்கு அழைப்பதும் உதட்டில் பிறக்கும் எழுத்தைத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

*

உதடு தளர்வது நம் வாய்க்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மன் மொழியில் 'அழகான' என்பதற்குரிய சொல்லில் உயிரொலிக்கு உதடு குவிய வேண்டும். ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷில் அதே சொல் 'ஷேன்'. அங்கே குவிவு இல்லை. கிரேக்கத்தில் ஒருகாலத்தில் குவிந்து ஒலித்த உப்சிலான் எழுத்து, இன்று தனித்து வரும்போது இகரமாகவே ஒலிக்கிறது. அங்கெல்லாம் போன குவிவு போனதுதான். தமிழில் அது சொல்லின் முதலில் இருக்கிறது, ஈற்றில் தளர்கிறது, செல்லப் பெயரில் திரும்புகிறது.

*

கு, சு, டு, து, பு, று என்று தனித்தனியே ஓதும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதட்டைக் குவிக்கிறது. சொல்லாகச் சேர்த்துப் பேசும்போது தானாகவே விட்டுவிடுகிறது. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நெடில்தொடர், ஆய்தத்தொடர், உயிர்த்தொடர் என்று குற்றியலுகரத்தின் ஆறு வகையையும் மனப்பாடம் செய்யவைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதை அதற்குக் காட்டுவதில்லை. தமிழாசிரியர்களே, ஒரு வகுப்பு நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து 'பசு', 'காசு' என்று சொல்லச் சொல்லுங்கள். எதில் உதடு குவிகிறது, எதில் குவியவில்லை என்று ஒருவர் வாயை மற்றவர் பார்க்கட்டும். மாத்திரைக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.