வீடு: வானத்திலா? வையத்திலா?

தமிழில் ஒரு சொல் உண்டு. அதற்குப் பொருள் இரண்டு. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் இரவில் தலை சாய்க்கும் இடமும் வீடு. உயிர் பிரிந்த பின்னர் ஆன்மா சென்று அடையும் என்று அடியார்கள் கூறும் இடமும் வீடு. முதல் வீட்டுக்குச் செங்கல் வேண்டும், மரம் வேண்டும், மனை வேண்டும், பட்டா வேண்டும். இரண்டாம் வீட்டுக்கோ நம்பிக்கை ஒன்றே போதும்! ஆகவேதான் இந்நாட்டு ஏழைக்கு நெடுங்காலமாக இரண்டாம் வீடு தாராளமாக வழங்கப்பட்டது. முதல் வீடு மறுக்கப்பட்டது.

வள்ளுவர் அறம், பொருள், இன்பம் என மூன்று பால் வகுத்தார். வீட்டுக்கெனத் தனிப் பால் வகுக்கவில்லை. உரையாசிரியர்கள் அதற்குக் காரணங்கள் பல கூறினர். நமக்குத் தோன்றுவது எளிய காரணம்: மண்ணில் மனிதன் மனிதனாக வாழும் வகையைச் சொல்ல வந்தவருக்கு, மாண்ட பின் கிடைப்பதைப் பற்றிய கவலை எழவில்லை. நாமும் இங்கே மண்ணிலுள்ள வீட்டைப் பற்றியே பேசப் புகுகிறோம். கேள்வி இதுதான்: ஏழைக்கு வீடு தருவது கருணையா, கடமையா? தருமமா, உரிமையா?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் அனந்தபுரம் என்றோர் ஊர். அனந்தம் என்றால் எல்லையற்றது என்பது வடமொழிப் பொருள். அங்கே எல்லையற்றது எது? ஏர் பிடித்தும் கரும்பு வெட்டியும் கடலை பறித்தும் வாழும் மக்கள், நல்லதொரு கூரைக்காகக் காத்திருக்கும் காத்திருப்பே எல்லையற்றது என்று சொல்லத் தோன்றுகிறது. அனந்தபுரம் பேரூராட்சி. சுற்றியிருப்பவை கிராம ஊராட்சிகள். மழை இரண்டுக்கும் பொது, வெயில் பொது, வறுமையும் பொது. வீட்டுத் திட்டம் மட்டும் பொது அன்று! வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஊரகத் திட்டம். இந்தப் பக்கம் இருப்பவருக்கு நகர்ப்புறத் திட்டம். 2024இல் தமிழக அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' ஊரகத்துக்கு உரியது. வீடொன்றுக்கு 3,50,000 ரூபாய் தருவது. பேரூராட்சிக்குள் இருப்பவர் 2015இல் தொடங்கிய நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் வாசலில் நிற்க வேண்டும்; அதில் சொந்த மனையில் கட்டுவோருக்கு நடுவண் அரசு தரும் பங்கு 1,50,000 ரூபாய். ஓலைக்கு ஊராட்சி, பேரூராட்சி என்ற வேறுபாடு தெரியுமா? ஒழுகும்போது எல்லைக் கல்லைப் பார்த்தா ஒழுகுகிறது?

இன்னும் ஆழமாகப் பார்ப்போம். எந்தத் திட்டமானாலும் முதற் கேள்வி ஒன்றே: "பட்டா இருக்கிறதா?" இருந்தால் வீடு உண்டு. இல்லையெனில், "பட்டா வாங்கி வாருங்கள், பார்ப்போம்." அதாவது, ஏதோ ஒன்று உள்ளவனுக்கு இன்னொன்று தரப்படும், ஒன்றுமே இல்லாதவனுக்கு ஒன்றும் இல்லை! அடியில் நிலமில்லாதவனுக்குத்தான் மேலே கூரையும் இல்லை என்பதை அறியாதவரா சட்டம் எழுதியவர்கள்?

திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரங்களில் வாழும் இருளர் மக்களை எண்ணிப் பாருங்கள். ஏரிக் கரையிலும் ஓடை ஓரத்திலும் குடிசை போட்டவர்கள். செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழன்ற வரலாறு உடையவர்கள். அவர்கள் குடியிருக்கும் இடம் ஆட்சேபணையுள்ள புறம்போக்கு. அங்கே பட்டா தர இயலாது என்கிறது விதி. நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால், அவர்கள் ஏரிக்கரையை விரும்பியா தேர்ந்தார்கள்? ஊரார் வேண்டாமென்று விட்ட இடம் அது ஒன்றுதான்! ஊரிலும் இடமில்லை, ஏரியிலும் இடமில்லை என்றால், அந்த மனிதன் எங்கே நிற்பான்? செங்கல் அறுத்து ஊருக்கெல்லாம் மாடி எழுப்பிக் கொடுத்தவனின் குடிசையில் ஒரு செங்கல் இல்லை. இதைவிடக் கொடிய முரண்பாடு வேறு உண்டோ?

மனை என்பது வெறும் மண்ணன்று. அது மனிதனின் முதுகெலும்பு. பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலியாள், கூலி உயர்வு கேட்க வாய் திறந்தால், "காலி செய்" என்ற ஒரு சொல் போதும், வாய் மூடிக்கொள்ளும். ஏங்கெல்சு 1872இல் குடியிருப்புச் சிக்கல் பற்றி எழுதியபோது இதைத்தான் எச்சரித்தார்: முதலாளி தரும் வீடு, தொழிலாளியை அவனோடு பிணைக்கும் விலங்காகவும் ஆகலாம். தஞ்சைத் தரணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் கூலிப் போராட்டத்தின் விளைவாக 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. ஓலைக் குடிசை வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் தோற்பதன்று. தீக்குச்சி ஏந்திய பகைக்கும் தோற்பது என்பதை அன்று நாடு கண்டது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961இல் ஒரு சட்டம். குடியிருந்த மனையை உழவுத் தொழிலாளிக்கே உரிமையாக்க 1971இல் ஒரு சட்டம். இரண்டாவது சட்டத்தின் உள்ளத்தை உணருங்கள், தோழர்களே! அது வீடு தரவில்லை, நிலம் தந்தது. நிலம் தந்ததனால் நிமிர்வு தந்தது. பட்டா என்பது காகிதம்தான்; ஆனால் கைகட்டி நின்றவன் கையை அவிழ்க்கும் காகிதம்.

"உழைத்துச் சேர்த்துக் கட்டிக்கொள்ளட்டுமே! அரசு ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர் உண்டு. கேட்பவர் பெரும்பாலும் தந்தை கட்டிய வீட்டில் அமர்ந்தபடிதான் கேட்கிறார்! ஒருவனுக்குப் பாட்டன் விட்டுச்சென்ற மனை இருக்கிறது; மற்றவனின் பாட்டனுக்கு ஊருக்குள் மனை விற்கவே மாட்டார்கள். ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் தேவை என்று செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அறிக்கை தந்தார். அதன் வழியே 1892இல் ஆணை பிறந்தது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி இன்று யார் கையில்? உழைத்தவனுக்குக் கிடைக்காமல் போனது உழைப்புக் குறைவால் அன்று, கிடைத்ததும் பறிக்கப்பட்டதால். பறிக்கப்பட்டதைத் திருப்பித் தருவதற்குப் பெயர் இலவசமா?

"குடிசை குளிர்ச்சியானது, அவர்களுக்கு அதுவே பழக்கம்" என்பாரும் உண்டு. நல்லது, வாருங்கள், ஒரு கார்காலத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்வோம்! 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இப்பகுதியைப் புரட்டியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. ஓலைக்குள்ளும் மண்சுவருக்குள்ளும் இருந்தவர்களிடம் அந்த இரவின் குளிர்ச்சியைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஆட்சிகளின் நெஞ்சையும் தொட்டுப் பார்ப்போம். 2010இல் தமிழகக் குடிசைகள் எண்ணப்பட்டன. 21 இலட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் காரை வீடுகளாக்குவது என்று திட்டம் வந்தது. வீடொன்றுக்கு 75,000 ரூபாய். 2011இல் ஆட்சி மாறியது; திட்டம் நின்றது. 300 சதுர அடியில் 1,80,000 ரூபாய்ச் செலவில் ஆண்டுக்கு 60,000 பசுமை வீடுகள் என்று வேறு திட்டம் வந்தது. மீண்டும் ஆட்சி மாறியது. 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் என்று புதிய பெயரில் புதிய திட்டம். ஒவ்வொன்றாலும் சிலர் வீடு பெற்றனர், மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் குடிசை மாறியதா? உரிமை என்றால் அது தேர்தலோடு பிறந்து தேர்தலோடு இறக்குமா? வாழும் உரிமைக்குள் உறையுளும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் சமேலி சிங் வழக்கில் 1995இலேயே கூறிவிட்டது. நீதிமன்றம் உரிமை என்கிறது. மேடை இன்னும் 'வழங்கினோம்' என்கிறது. கொடுத்தவர் பெயர் சுவரில் பெரிதாக இருக்கும்வரை, குடியிருப்பவர் அந்த வீட்டில் விருந்தாளிதான்!

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கனவு இல்லத்தின் அளவு 360 சதுர அடி. இன்றைய விலையில் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,20,000 ரூபாய் ஆகிறது. அரசு தருவது 3,50,000. மீதி 3,70,000 ரூபாய்க்குக் கூலிக்காரர் எங்கே போவார்? தவணையோ அடித்தளம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியத்தான் வரும். முதலில் கைப்பணம் போட வேண்டும். அங்கேதான் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். சுவர் எழும்ப எழும்பக் கடனும் எழும்புகிறது. போதாக்குறைக்கு மனையடி சாத்திரக்காரர் வேறு! இத்தனை அடி நீளமென்றால் செல்வம், இத்தனை அடியென்றால் கேடு என்று சொல்லி, இருக்கும் பத்தடியிலும் இரண்டடியைத் தின்றுவிடுகிறார். கேடு அடிக்கணக்கில் இல்லை, அம்மா. வட்டிக்கணக்கில் இருக்கிறது என்று நம் இளைஞர்கள் சென்று சொல்ல வேண்டாமா?

செலவைக் குறைக்க வழி இல்லையா? உண்டு. இதே மாவட்டத்தின் வானூர்ப் பகுதியில் பரந்திருக்கும் ஆரோவில்லில், மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும், சூளையில் சுடாத கற்களைப் பற்றி 1989 முதல் ஆய்வும் பயிற்சியும் நடக்கின்றன. கேரளத்தில் லாரி பேக்கர், செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி உள்ளே இடைவெளி விட்டுக் கட்டும் முறையால் கல்லையும் சாந்தையும் மிச்சப்படுத்தி, ஏழைக்கு வீடும் எழிலாக இருக்கலாம் என்று காட்டினார். உலகெங்குமிருந்து வந்து அந்த மண்கல்லைக் கற்றுச் செல்கிறார்கள். அதே மாவட்டத்துக் கொத்தனாரும் சித்தாளும் அதைக் கற்க ஏற்பாடு வேண்டாமா? இருளர் இளைஞர் சூளைக் கூலியாக அன்றி, கல் செய்யும் கூட்டுறவின் உடைமையாளராக ஆகலாமே!

பணம் எங்கே என்ற கேள்விக்கு வியன்னா விடை சொன்னது. முதல் உலகப் போரில் நொறுங்கிய அந்நகரம், 1923இல் வீட்டு வரி போட்டது. பெரிய மாளிகைக்குப் பெரிய வரி. 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட குடியிருப்புகளைத் தொழிலாளருக்காக எழுப்பியது. செல்வத்தால் அன்று, துணிவால்.

இறுதியாக ஒன்று. வீடு கொடுத்தால் மட்டும் போதுமா? எங்கே கொடுக்கிறோம்? சேரியிலேயே காரை வீடு கட்டினால், ஓலைச் சேரி காரைச் சேரி ஆகும், சேரி சேரிதான்! இதை உணர்ந்து பிறந்ததே பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10; அனைவரும் அடுத்தடுத்த வீட்டில். விழுப்புரம் மாவட்டத்துக் கொழுவாரியில் ஒன்று 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நூறு வீடு நாட்டின் நோயைத் தீர்த்துவிடாது என்பதை அறிவோம். ஆனால் அது சொல்லும் நெறி பெரிது: சுவர் வைப்பது கொத்தனார் வேலை, சுவரை நீக்குவது சமுதாயத்தின் வேலை.

ஆகவே, இளைஞர்களே! நாம் செய்யத்தக்கது என்ன? ஊர்தோறும் மனையில்லாதோரைக் கணக்கெடுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். தனியே சென்றால் வெளியே நிறுத்தப்படுபவர், நான்கு பேருடன் சென்றால் நாற்காலியில் அமர்த்தப்படுவார். ஏரிக்கரைக் குடிசையை அகற்ற வருபவரிடம், மாற்று மனையைக் காட்டிய பிறகு அகற்றுங்கள் என்று கூறுங்கள். முதலில் நிலம், பிறகு வீடு என்ற வரிசையை அரசு ஏற்கும்வரை ஓயாதீர்கள்.

வானத்து வீட்டுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை குறையாது. அனந்தபுரத்துக் குடிசையில், ஒழுகும் இடத்துக்கு நேராகச் சட்டியை வைத்துவிட்டு, விழித்தபடி குழந்தையை மடியில் கிடத்தியிருக்கும் தாய்க்கு வேண்டியது வையத்து வீடு. அதற்கு வழி சொல்ல நாமாவது இருப்போம்.