சைனா மெஷின், பச்சை விறகு

ஏலமலையில், எங்கள் ஆனைக்கரையில் விறகு தவறான மாதத்தில் வந்து சேருகிறது. ஏலச்செடிக்கு மேல் நிற்கும் நிழல் மரங்களை மே, ஜூனில் கவாத்து செய்கிறோம். மழைக்காலத்தின் மங்கிய வெளிச்சமாவது செடிக்கு எட்ட வேண்டும். மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் சொல்வதும் இதைத்தான். வெட்டிய கொப்புகளை இழுத்துச் சேர்ப்பதற்குள் மழை ஏறி வந்துவிடுகிறது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். அந்த ஈரத்தோடு அடுப்பில் வைத்தால் விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. புகையும் கூடுகிறது. அடுப்படியில் நிற்கிற பெண்கள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள்.

*

மரத்தின் ஈரம் பட்டை வழியாக மெதுவாகத்தான் போகும். வெட்டுமுகத்தில் வேகமாகப் போகும். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய குழாய்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. ஆறடிக் கட்டை ஒரு வருஷம் கிடந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். அதையே ஒன்றேகால் அடித் துண்டுகளாக அறுத்து, பிளந்து, தகரக் கூரைக்கடியில் காற்று புகும்படி அடுக்கினால் மழைக்குள்ளேயே மெல்ல உலரத் தொடங்குகிறது. முருக்கு சீக்கிரம் உலரும், எரிந்தும் தீரும். சில்வர் ஓக் அதைவிட நின்று எரியும். பலாக் கட்டை கிடைத்தால் அது ஏலக்காய் ஸ்டோருக்குப் போய்விடும். காயை ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு ராத்திரி முழுக்க வாட்ட வேண்டும். நடுவில் தீ தாழக் கூடாது.

எனவே இங்கே விறகைப் பொறுத்தவரை, மழைக்கு முன்னால் எவ்வளவு துண்டு போட முடியும் என்பதுதான் முதல் கேள்வி. வாடகைக்கு வரும் செயின்சா மெஷின்காரரை அந்தப் பத்துப் பதினைந்து நாளில் எல்லாத் தோட்டமும் கூப்பிடுகிறது. ஏக்கர் கணக்கில் தோட்டம் உள்ளவருக்கு முதலில் போவார். அரை ஏக்கர்காரரின் கொப்புகள் நனைந்து, காளான் பூத்து, அப்படியே மட்கும். வீட்டுக்கு வீடு சைனா மெஷின் வந்ததற்கு நான் காணும் நியாயம் இதுதான். அது வந்தது நல்லது என்றே நினைக்கிறேன்.

*

58 சிசி, செயின் ஓடும் 22 அங்குலப் பார். ஜப்பானின் செனோவா நிறுவனம் செய்த ஜி5200 வகை மெஷினைப் பார்த்துச் சீனத் தொழிற்சாலைகள் வார்த்தெடுத்த வரிசை இது. ஒட்டுகிற பெயரும் நிறமும் கடைக்குக் கடை மாறும். பிஸ்டனும் கார்புரேட்டரும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பெயர்பெற்ற மெஷினின் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் நான்கில் ஒரு பங்கு விலை.

குறைந்த விலையில் எது குறைந்திருக்கிறது என்று மெஷினைப் பிரித்துவைத்துப் பார்த்தேன். வார்ப்பின் ஓரங்களைச் சீவாமல் விட்டிருக்கிறார்கள். பெட்ரோல் குழாயின் ரப்பர் மெலிசு. திருகுகளை ஒருவர் முறுக்கி, இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. தொழிற்சாலையில் செலவிடாத கவனத்தை வாங்கியவர் செலவிட வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் உள்ளவருக்கு இந்த விலை நியாயமான விலை. நேரம் இல்லாதவருக்கு அது ஆபத்தான விலை.

*

கவாத்துக்கு வரும் கம்பத்துக்காரர் ஒருவர் சொல்லித் தந்தது: “அண்ணே, என்ன விழுதுன்னு பாருங்க. சீவலா விழுந்தா ஓட்டுங்க. மாவு மாதிரி பறந்தா நிறுத்திட்டு அரத்தை எடுங்க.”

1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் காடுகளில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். மரத்தின் நாருக்கு நெடுக்கேயும் குறுக்கேயும் அது ஒரே சுலபத்தோடு தின்று போனது. தாடைகள் இடமும் வலமுமாக வேலை செய்தன. அடுத்த வருஷம் அதே முறையில் பல் வைத்த செயினைச் செய்து விற்கத் தொடங்கினார். என் சைனா மெஷினில் ஓடுவதும் அந்த வகைதான். ஒரு பல் இடம், ஒரு பல் வலம். அதனால் அரம் போடும்போது எல்லா இடப் பல்லையும் முடித்துவிட்டு, மறுபக்கம் உட்கார்ந்து வலப் பல்லைத் தொடுகிறேன். 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும், திரும்ப இழுக்கும்போது தொடக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை, அதே அழுத்தம். ஒரு பக்கம் கூடிப்போனால் வெட்டு வளைந்து ஓடும். கை எண்ணிக்கொண்டிருக்கையில் மனம் வேறெங்கும் போவதில்லை. கண்ணை மூடி உட்காரும் தியானம் எனக்குக் கைகூடவில்லை, இது கைகூடுகிறது.

சேறு பட்ட கட்டை பல்லைத் தின்னும். அதைவிட மோசம், மிளகுக்கொடியைப் பிணைத்த பழைய கம்பி. முருக்குப் பட்டை அதை மூடி வளர்ந்திருக்கும். அறுப்பதற்கு முன் கட்டையைத் தடவிப் பார்க்கிறேன்.

*

இப்போது பம்பில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் மலைக்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மலிவான ரப்பரை எத்தனால் ஊதவும் வைக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்கிறேன்: என் மெஷினின் மூடியில் 25-க்கு 1 என்று எழுதியிருப்பதால் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன்.

செயினுக்குக் கழிவு எஞ்சின் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. செலவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணெய் செயினில் தங்குவதில்லை, முழுதும் தெறித்து மண்ணில் இறங்குகிறது. சரிவுக்குக் கீழே ஓடையும் கிணறும் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம்.

*

பாரின் நுனியில் மேல் கால்பகுதி மரத்தில் முட்டினால் மெஷின் முழுதும் முகத்தை நோக்கித் திரும்பும். செயின் நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்; யோசிக்கும் நேரமே கிடையாது. முன்னால் உள்ள கைத்தடுப்பு மணிக்கட்டில் பட்டு, பிரேக் விழுந்து, செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். மலிவு மெஷினில் நான் முழுதாக நம்பாத பாகம் இந்த பிரேக். தினமும் முதல் கட்டைக்கு முன் ஓடவிட்டு, தடுப்பைத் தள்ளிப் பார்க்கிறேன். உடனே நிற்கவில்லை என்றால் அன்று அறுப்பு இல்லை.

இடது கைப் பெருவிரல் கைப்பிடியைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. கைலி கட்டிக்கொண்டு தொடக் கூடாது. தலைக்கவசமும் காதடைப்பானும் பூட்ஸும் சேர்த்து வாங்கினால் மெஷினின் விலை கூடும். அதையும் சேர்த்துத்தான் மெஷினின் விலை. மெஷினோடு மரத்தில் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. கொப்பை வெட்டுக்கத்தி இறக்கட்டும், மெஷின் தரையில் தாங்கியின்மேல் அறுக்கட்டும்.

*

கையில் மெஷின் இருந்தால் மரத்தைப் பார்க்கும் கண் மாறுகிறது. நேற்றுவரை நிழலாக நின்றது இன்றைக்கு எத்தனை அடுக்கு விறகு என்று தெரிகிறது. ஆனால் இங்கே மரம் விவசாயியின் கையில் இல்லை. ஏலமலைக் காடுகளுக்கு 1897-இல் திருவிதாங்கூர் அரசு அறிவிக்கை போட்டது. நிலம் வருவாய்த்துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்ற ஏற்பாடு இன்றும் விவசாயிக்குப் பெரிய பாரம், அதில் நியாயமான குறைகளும் உண்டு. ஆனாலும் 2024 வறட்சியில் செடிகள் கூட்டமாகக் கருகியதைப் பார்த்தவர்களுக்கு, நிழல் என்ன விலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிற்கிற மரத்தில் என் மெஷினை வைப்பதில்லை. கவாத்தில் விழுந்தது, காற்றில் சாய்ந்தது, இவ்வளவு போதும் என் அடுப்புக்கு.

*

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி நாளைக்கு மெஷினை இரவல் கேட்டிருக்கிறான். தருவேன். அரம், காதடைப்பான், கலந்த பெட்ரோல் எல்லாம் கூடவே போகும். போவதற்கு முன் என் எதிரில் ஓட்டி, பிரேக்கைத் தள்ளி, செயின் நிற்பதை அவனே காட்ட வேண்டும்.