பிணி வந்தபின் ஏற்கும் நோன்பு



அறுபதைக் கடந்தோர் நால்வர் கூடுமிடத்து இந்நாளில் தவறாது எழும் பேச்சு ஒன்றுண்டு. ஒருவர் தமக்கு நீரிழிவு என்பார். மற்றொருவர் குருதியழுத்தம் என்பார். இன்னொருவர் இதயத்தில் அடைப்பு என்று கூறி நெஞ்சைத் தடவிக்கொள்வார். பின்னர் அனைவரும் ஒரே குரலில், "வாழ்நாளெல்லாம் உண்டு பழகியதை இனி விடு என்கிறார் மருத்துவர், இந்த வயதில் அது ஆகக்கூடியதா?" என்பர். இவ்வினாவை ஜினாகமத்தின் ஒளியில் சற்றே ஆராய்வோம்.

இதனை எழுதும் எனக்கு அகவை எழுபத்து நான்கு. எழுபத்தொன்றாம் அகவையில் எனக்கு நீரிழிவு இருப்பதும், அதனால் சிறுநீரகம் சிறிது பழுதுற்றிருப்பதும் தெரியவந்தன. ஆகவே உங்களோடு உடன் நடப்பவள் என்னும் உரிமையிலேயே பேசுகின்றேன்.

அவ்வினாவிற்கு நம்மவர் கூறும் விடைகள் மூன்று. "எல்லாம் வினைப்பயன், மருந்தும் பத்தியமும் என்ன செய்யும்?" என்பது ஒன்று. "இருக்கப்போவது சில ஆண்டுகள், நாவிற்கு இனியதை உண்டு கழிப்போம்" என்பது இரண்டாவது. "மருந்தும் வேண்டா, உணவும் வேண்டா, சல்லேகனை ஏற்று உயிர் விடுவேன்" என்பது மூன்றாவது. மூன்றும் அறத்தின் ஆடை உடுத்து வருவன போலத் தோன்றும். ஒவ்வொன்றாக நோக்குவோம்.

துன்ப உணர்வைத் தருவது அசாதா வேதனீய கருமம் என்பது உண்மையே. ஆயினும் வினை தன் பயனை ஊட்டுதற்கு இடம், காலம், பொருள் முதலிய நிமித்தங்களும் வேண்டும் என்று நம் ஆசாரியர்கள் விளக்கியுள்ளனர். விதை மண்ணில் கிடப்பினும் நீர் பெய்தாலன்றி முளைப்பதில்லை. அளவு மீறிய சோறும், இனிப்பும், உப்பும், உடல் அசையா வாழ்வும் அந்நீரைப் போல்வன. முன் செய்த வினையை இன்று நாம் மாற்ற இயலாது. இன்று தட்டில் இடுவதை மாற்ற இயலும். வினைக்கொள்கை முயற்சியை மறுப்பதன்று. முயற்சியை மறுத்திருப்பின் தீர்த்தங்கரர் தவம் செய்ததற்கே பொருளிராது.

இரண்டாம் விடைக்கு மறுமொழி நோயின் இயல்பிலேயே உள்ளது. நீரிழிவு விரைந்து உயிரைக் கொண்டுபோகும் நோயாயின் அவ்விடைக்குச் சிறிதேனும் இடமிருக்கும். அஃதோ கண்ணின் பின்திரையையும், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகலங்களையும், பாதத்தின் உணர்வையும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அரிப்பது. கண் மங்கியபின் சாத்திரம் படிப்பது எங்ஙனம்? பாதம் புண்ணுற்றபின் பொன்னூர் மலையேறி ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்குவது எங்ஙனம்? "விரும்பியதை உண்பேன்" என்பவர் தாம் ஒருவரே அதன் விலையைச் செலுத்துவதாக எண்ணுகின்றார். மருத்துவமனை வாயிலில் இரவெல்லாம் காத்திருக்கும் மகனும், விடுப்பெடுத்து வந்து பணிவிடை செய்யும் மருமகளும் அவ்விலையில் பங்கு செலுத்துகின்றனர்.

மூன்றாம் விடையே மிகவும் கவனிக்கத்தக்கது. நோயறிக்கை கையில் வந்த சில நாட்களில், துயரத்தால் சோர்ந்த உள்ளத்தில் இது தோன்றக்கூடும். ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், நீக்கும் வழியே இல்லாத இடையூறு, பஞ்சம், மூப்பு, பிணி ஆகியவை நேர்ந்தவிடத்தே சல்லேகனை ஏற்கத்தக்கது என்று வரையறுத்தார். 'நீக்கும் வழியே இல்லாத' என்னும் அடைமொழியை மறத்தலாகாது. மருந்தாலும் உணவு முறையாலும் அடக்கத்தக்க நோய் அவ்வரையறைக்குள் வாராது. அச்சத்தாலும் சலிப்பாலும் உயிரை வெறுப்பது சல்லேகனையும் ஆகாது.

இதற்குச் சான்றாக அப்பெருமானின் வரலாறே அமைந்தது. துறவு நிலையில் அவருக்குப் பஸ்மகம் என்னும் பிணி உண்டாயிற்று என்று மரபு கூறும். எத்துணை உண்டாலும் நொடியில் எரித்துவிடும் தீராப் பசிநோய் அது. முனிவருக்குரிய எல்லைக்குள் நின்று அதனைத் தணிக்கவியலாமையால் அவர் தம் குருவை அணுகிச் சல்லேகனைக்கு இசைவு வேண்டினார். குருவோ இசையவில்லை. "உன்னால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி இன்னும் உள்ளது, துறவுக் கோலத்தை நீக்கிப் பிணி தீருமளவும் உணவு கொள், தீர்ந்தபின் மீண்டும் தீட்சை பெறுக" என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார். சமந்தபத்திரரும் அவ்வாறே செய்து, நலம் பெற்று, மீண்டும் துறவேற்றார். இருபத்து நான்கு தீர்த்தங்கரரையும் துதிக்கும் சுயம்பு தோத்திரம் அவர் நமக்கு அளித்த செல்வம். அன்று குரு இசைந்திருப்பின் நாம் இழந்திருக்கக்கூடியது எத்துணை என்று எண்ணிப் பாருங்கள். உடலைப் பேணுதலும் சில வேளைகளில் குருவின் ஆணையே.

மூன்று விடைகளையும் நீக்கினோம். ஏற்கத்தக்க விடை யாது? அதற்கு நாம் வெளியே தேடிச் செல்ல வேண்டுவதில்லை. புறத்தவம் ஆறு என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கும். அவற்றுள் முதல் நான்கும் உணவைப் பற்றியனவே. அனசனம் உண்ணாதிருத்தல், அவமோதரியம் குறைத்து உண்ணல், விருத்தி பரிசங்கியானம் கொள்ளும் உணவிற்கு வரையறை செய்துகொள்ளல், ரச பரித்தியாகம் சுவைப் பொருளைத் துறத்தல். மருத்துவர் எழுதித் தந்த தாளையும் இந்நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

சுவைப் பொருள்கள் என்று நம் நூலோர் எண்ணியவை பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் ஆறு. நீரிழிவினர்க்கு மருத்துவர் விலக்குவது வெல்லமும் சர்க்கரையும். குருதியழுத்தம் உடையோர்க்குக் குறைக்கச் சொல்வது உப்பு. இதய நோயினர்க்குக் குறைக்கச் சொல்வது நெய்யும் எண்ணெயும். நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே தக்கது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு சிறு தேக்கரண்டியளவே. நம் வீட்டு ஊறுகாயும் அப்பளமும் வடகமும் அவ்வளவை எளிதில் தாண்டச் செய்துவிடும்.

அவமோதரியத்திற்கு ஆடவர்க்கு முப்பத்திரண்டு கவளமும் மகளிர்க்கு இருபத்தெட்டுக் கவளமும் முழு உணவு என்று கொண்டு, அதனின் ஒரு கவளம் குறைப்பினும் தவமே என்றனர். எத்துணைக் கருணை மிக்க சொல்! அரிசிச் சோற்றை ஒரே நாளில் அறவே நீக்க வேண்டுவதில்லை. முதலில் காய்கறியும் பருப்பும், பின்னர் சோறு என்று வரிசையை மாற்றி, நாளும் ஒரு கவளம் குறைத்துச் செல்லலாம். சிறுநீரகப் பழுது உடையோர் பருப்பின் அளவையும் மருத்துவரைக் கேட்டே கொள்ளவேண்டும். சாமையும் தினையும் கேழ்வரகும் நல்லனவே. ஆயினும் அவையும் மாவுப் பொருளே ஆதலின் அளவின்றி உண்ணத் தக்கனவல்ல.

விரதம் இருவகைப்படும். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம். எழுபதாம் அகவையில் "இனி ஒருபோதும் இனிப்பில்லை" என்று கேட்ட மாத்திரத்தில் உள்ளம் அஞ்சும். நியமமாக மூன்று மாதத்திற்கு ஏற்றுப் பாருங்கள். மூன்று மாதம் என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அவ்வணுவில் படிந்த சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி என்னும் ஆய்வு, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். ஆய்விற்கு முந்திய நாள் மட்டும் பத்தியம் இருந்து அதனை ஏமாற்ற இயலாது. நம் நியமம் காக்கப்பட்டதா என்பதற்கு அதுவே சான்று கூறும்.

இனி, நம் இல்லங்களில் எழும் ஐயங்கள் சிலவற்றிற்கு வருவோம்.

முதலாவது, அட்டமி சதுர்த்தசி நோன்பு. இன்சுலின் இட்டுக்கொள்வோரும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை உண்போரும் உணவின்றி இருப்பின் குருதிச் சர்க்கரை அளவு மீறித் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கின் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை உடனே உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். "இன்று நோன்பு" என்று அப்போது மறுப்பது பேராபத்து. தீர்த்தங்கர நிலைக்கு ஏதுவான சோடச காரண பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தியாகமும் ஆற்றலுக்கேற்ற தவமும் இடம்பெற்றுள்ளன. ஆற்றலுக்கேற்ற என்ற சொல்லை ஆசாரியர்கள் வீணே சேர்க்கவில்லை. உணவு விடவியலாதோர் அந்நாட்களில் மௌனமும் சாத்திரப் பயிற்சியும் சாமாயிகமும் மிகுதியாகக் கொள்ளலாம்.

இரண்டாவது, இரவுண்ணாமை. கதிர் மறையுமுன் உண்பது நீரிழிவினர்க்கும் பெரும்பாலும் நலமே தரும். ஆனால் மாலை உணவிற்கும் மறுநாள் காலை உணவிற்கும் நெடிய இடைவெளி உண்டாவதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். மருந்தின் வேளையையும் அளவையும் அவர் அதற்கேற்ப அமைத்துத் தருவார். நீரும் மருந்தும் நீங்கலாக இந்நோன்பை ஏற்கும் முறையும் இல்லறத்தார்க்கு உண்டு.

மூன்றாவது, இன்சுலின். "அது விலங்கின் உடலிலிருந்து எடுப்பதாயிற்றே" என்று தயங்குவோர் நம்மிடையே பலர். 1921ஆம் ஆண்டு கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோரின் முயற்சியால் அது பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர்ப் பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே பெறப்பட்டது. அக்காலத்துத் தயக்கம் நியாயமானதே. 1982ஆம் ஆண்டு, நுண்ணுயிரிகளைக் கொண்டு மனித இன்சுலினையே உருவாக்கும் முறை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இவ்வகையதே. ஐயமுறுவோர் மருத்துவரைக் கேட்டுத் தெளியலாம். கூட்டுக்குளிகை எனில் அதன் உறை விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுத்த ஜெலட்டினாக இருக்கலாம். மாத்திரையாகவோ தாவர உறையுடனோ கிடைக்குமா என்று கேட்பதில் நாணம் வேண்டா. கிடையாதபோது என் செய்வது என்பதைக் குடும்பத்தாரோடும் அறிஞரோடும் அமைதியாகக் கலந்து முடிவு செய்க. தாமாகவே மருந்தை நிறுத்திவிடுதல் மட்டும் கூடாது.

நான்காவது, "சர்க்கரைக்கு மாற்றாகத் தேன் உண்ணலாம்" என்று அண்டை அயலார் கூறும் அறிவுரை. மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் நம் மூலகுணத்தைச் சார்ந்தது. தேனும் குருதிச் சர்க்கரையை உயர்த்துவதே. ஆதலின் அதற்காக நோன்பை முறிப்போர் அறத்தையும் இழந்து பயனையும் பெறார். மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போர்க்கும், புலால் உண்ணாதார்க்கும் பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறையக்கூடும் என்பதையும் நினைவிற் கொண்டு, அதனை அளந்து பார்க்குமாறு மருத்துவரை வேண்டுங்கள்.

இத்துணையும் உடலுக்கு. உள்ளத்திற்கு வருவோம். ஆர்த்தத் தியானம் நான்கனுள் ஒன்று நோயின் வேதனையையே இடைவிடாது எண்ணி வருந்துதல். காலையில் எண்ணைப் பார்த்து மகிழ்வதும், மாலையில் எண்ணைப் பார்த்து அழுவதும், "எனக்கேன் வந்தது" என்று புலம்புவதும் புதுவினையைக் கட்டுவன. நோய் பழைய வினையின் கழிவு. புலம்பல் புதிய வினையின் வரவு. கழியும் இடத்தில் வரவைப் பெருக்குதல் அறிவுடைமையோ? ஒரே பத்தியத்தை இருவர் இருக்கின்றனர். ஒருவர் பறிக்கப்பட்டதாக எண்ணி இருக்கின்றார். அவர்க்கு அது தண்டனை. மற்றவர் துறந்ததாக எண்ணி இருக்கின்றார். அவர்க்கு அது தவம். தட்டில் உள்ளது ஒன்றே, பாவனை வேறு.

குடும்பத்தார்க்கும் ஒரு சொல். மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என்னும் நான்கு உறுப்புகளைத் திருக்குறள் வகுத்தது. நான்காம் உறுப்பு நீங்களே. "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று திருமண வீட்டில் இனிப்பை வற்புறுத்துவது உபசாரமன்று. நிலை தளர்வோரை மீண்டும் நிலைநிறுத்தும் ஸ்திதிகரணம் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றன்றோ? பெரியவர்க்குத் தனியே பத்தியச் சமையல் செய்து அவரை ஒதுக்காமல், உப்பும் எண்ணெயும் குறைந்த உணவையே இல்லத்தார் அனைவரும் உண்ணுங்கள். அதுவே அவர்க்கு நீங்கள் ஈயும் ஔஷத தானம். நாற்பதில் இருப்போர்க்கு அதுவே காப்பும் ஆகும்.

அட்சய திருதியை நாளில் அத்தினாபுரத்துச் சிரேயாம்ச மன்னன் ஆதிபகவனுக்குக் கரும்பின் சாற்றை ஈந்ததைக் கொண்டாடுகின்றோம். அந்நாளில் நீரிழிவினர் சாற்றைப் பருகவியலாதே என்று வருந்தற்க. அந்நாளைச் சிறப்பித்தது பருகியவரின் சுவையன்று, ஈந்தவரின் தானம். உங்கள் கையால் பிறர்க்கு வார்த்துக் கொடுங்கள். பேரக்குழந்தைகள் பருகுவதைக் கண்டு மகிழுங்கள். முதுமையில் நமக்கு எஞ்சியிருக்கும் இன்பம் அதுவே. அதற்குச் சர்க்கரை அளவு ஏறுவதில்லை.

எல்லா உயிரும் பிணி நீங்கி நலம் பெறுக. ஜினதருமம் வாழ்க.