ஞாயிற்றுக்கிழமையும் இருங்கள்



வெள்ளிக்கிழமை சாயங்காலம் விருத்தாசலம் ஜங்ஷனில் போய் நின்றால், தோளில் பை மாட்டிய ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். வங்கி, கோர்ட், மின்வாரியம், கல்லூரி, தாலுகா அலுவலகம் என்று இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர்கள். விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் வரும் வண்டிகளில் சிலர் சென்னைப் பக்கம் ஏறுவார்கள், சிலர் திருச்சி, மதுரைப் பக்கம். சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்தே பாதை பிரிகிறது. திங்கட்கிழமை காலையில் அதே பையோடு வந்து இறங்குவார்கள். வருடக்கணக்கில் இப்படியே ஓடும். பிறகு அடுத்த மாற்றல் உத்தரவு வந்துவிடும்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணவருக்கோ மனைவிக்கோ அங்கே வேலை, பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடம், வயதான அப்பாவுக்குப் பழகிய டாக்டர் அங்கே. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனாலும், "அந்த ஊர்ல என்ன சார் இருக்கு?" என்று அவர்கள் சொல்லிக் கேட்கும்போது மனம் சங்கடப்படுகிறது. அவர்கள் கண்டதெல்லாம் ஆபீஸ், மெஸ், வாடகை அறை. ஊர் சாவகாசமாக இருக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவர்கள் இங்கே இல்லை.

இந்த ஊரைத் தாண்டிப் போவது பழைய பழக்கம் என்றுகூடச் சொல்லலாம். விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். தேவாரம் பாடிய சுந்தரர் இந்த வழியாக வந்தவர், ஊரும் பழசு, சாமியும் அம்மனும் பழசு, இங்கே என்ன பாடுவது என்று பாடாமலே நடந்துவிட்டாராம். முருகன் வேடனாக வந்து வழிமறித்து, கையில் இருந்ததைப் பறித்துக்கொண்டு, முதுகுன்றத்துக்கு வந்து வாங்கிக்கொள் என்று திருப்பி அனுப்பினார் என்பது இங்கே வழங்கும் கதை. பிறகு சுந்தரர் வந்தார், பாடினார், பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது. அந்தப் பொன்னையும் இங்கே ஓடும் மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி பரவையார் இருந்தது திருவாரூரில். சம்பாத்தியம் இங்கே, வீடு அங்கே.

வழிமறித்த அந்த முருகனைத்தான் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்று கும்பிடுகிறார்கள். ஊரை ஒட்டிய கோயில். அங்கே மூலவருக்கு உருவம் கிடையாது, பலிபீடமே சாமி. மனக்குறை உள்ளவர்கள் அதை ஒரு தாளில் எழுதி, சாமி முன் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். காரியம் முடிந்ததும் மறுபடி வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்து, அந்தப் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். கோர்ட்டில் வேலை பார்க்க வந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உட்கார்ந்தால் நல்லது. கொடுத்த கடன் வரவில்லை, நகை காணாமல் போய்விட்டது, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியவில்லை என்று வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கலாம். திங்கட்கிழமை கேஸ் கட்டில் வெறும் பெயராக வருகிற மனிதர்கள் இவர்கள்தான்.

இன்னொரு நாள், வேலை நாளாகவே பார்த்து, பீங்கான் பட்டறைகளுக்குப் போக வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. அந்த மண் பக்கத்திலேயே கிடைத்ததால் இங்கே பீங்கான் தொழில் வேர் பிடித்தது. தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ சொல்லித்தரும் அரசு நிறுவனமும் வந்தது. களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் தூள் சேர்த்து, தண்ணீர் விட்டு அரைத்து, ஊற்றும் பதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோரமாக மண் படிந்து கனக்கும். போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். சற்று இறுகியபின் அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு பிள்ளையார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பெண்களின் விரல்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மூக்கு மழுங்காமல், காது உடையாமல், அவ்வளவு லாகவம். அப்புறம் காய வைத்து, சூளையில் அடுக்கி, சுடுகிறார்கள். நெருப்பு நின்றதும் அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் பொருள் வெடித்துவிடும். தானாக ஆற வேண்டும்.

இங்கே பொம்மை மட்டும் செய்யவில்லை. அகல் விளக்கு, ஜாடி, ஃபியூஸ் கட்டை எல்லாம் உண்டு. உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டைகூட இந்த ஊர்க் கைகள் தொட்டதாக இருக்கலாம்.

இந்த ஊர்ல என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு எழுத்தாளர்களையும் நான் நினைவுபடுத்துவேன். இமையம் இந்தப் பகுதியில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை செய்தபடியே நாவல்கள் எழுதினார், இந்த நடுநாட்டு மக்களின் பேச்சைத் திரட்டி ஒரு சொல்லகராதியே போட்டார். முந்திரிக்காட்டு மனிதர்களின் கோபமும் தாபமும் அவர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. வாடகை அறையில் ராத்திரி படிக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் வேறு எது?

ஊர்க்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு கேட்டு வருகிறவரிடம் வாடகை, அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னாலேயே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. நேரடியாகக் கேட்காவிட்டால், சொந்த ஊர், தெரு, குலதெய்வம் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியால் வீடு கிடைக்காமல் லாட்ஜிலும் ஒற்றை அறையிலும் காலம் தள்ளி, வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் போய் ஞாயிற்றுக்கிழமையும் இருங்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது. வீட்டுக்காரர்கள் அந்தக் கேள்வியை விட வேண்டும். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது நமக்குப் பெருமை. புதிதாக வந்தவர் அந்தப் பெருமைக்குப் பயப்படும்படி நாம் நடந்துகொள்ளக் கூடாது.

வீடு கிடைத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு வாரமாவது ஊருக்குப் போகும் டிக்கெட்டை எடுக்காமல் இருந்து பாருங்கள். காலையில் பழமலைநாதர் கோயிலுக்குப் போங்கள். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி கல்லில் எடுப்பித்த கோயில் அது. தரைக்குக் கீழே படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரைப் பாருங்கள். கோபுர வாசலில் அவசரப்படாமல் நின்றால், இரண்டு பக்கச் சுவரிலும் நாட்டியக் கரணங்கள் வரிசையாகத் தெரியும். முந்திரி காய்க்கும் பங்குனி, சித்திரையில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பஸ் ஏறுங்கள்.

மாசி மகம் வரும்போது மணிமுத்தாற்றங்கரை ஜனங்களால் நிரம்பிவிடும். அந்த வாரம் நீங்கள் ரயில் ஏற வேண்டாம். மனைவியை, கணவரை, பிள்ளைகளை, முடிந்தால் அப்பா அம்மாவையும் இங்கே வரச் சொல்லுங்கள். அவர்கள் வந்து இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற வழியை நீங்கள் காட்டுங்கள்.