புது பெயிண்டும் பழைய கடனும்



ஊழியத்தோடு பிழைப்புக்கும் ஒரு வழி வேணுமே என்று பழைய டாக்சி ஒன்று வாங்கப் போனேன். வீட்டம்மா செயினை அடகு வைத்த பணம் பையில் இருந்தது. வண்டி புது பெயிண்டில் பளபளவென்று நின்றது. மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியலை.

"அட்வான்ஸ் கொடுங்க பாஸ்டர், நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்றார் வண்டிக்காரர். கை பைக்குள் போயிருச்சு. அப்போது உள்ளத்தில் ஒரு தடை. "ஆர்.சி. புக்கைக் காட்டுங்க" என்றேன். பைனான்ஸ் கடன் அதில் அப்படியே நின்றது!

கடன் தீர்ந்தால் பைனான்ஸ்காரர் 35-ஆம் படிவத்தில் கையெழுத்துப் போடணும், ஆர்.டி.ஓ. ஆபீசில் எச்.பி. ரத்தாகணும். இல்லாவிட்டால் அவர் கடனுக்கு நம் வாசலில் வந்து வண்டியைத் தூக்குவார்கள். பெர்மிட், இன்சூரன்ஸ் தேதியும் பாருங்கள். எட்டு வருஷம் தாண்டின டாக்சிக்கு வருஷாவருஷம் எப்.சி. எடுக்கணும்.

வாங்காமல் திரும்பினேன். செயின் மீண்டது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரலை. 'உன் புக்கில் என்ன நிற்கிறது?' என்று ஆவியானவர் என்னையே கேட்டார்.

பிரியமானவர்களே, ஞாயிறுதோறும் வெள்ளை உடுத்தி வருகிறோம். பெயிண்ட் அடித்தால் பாவக்கடன் தீருமா? கொலோசெயர் 2:14-ஐ வாசியுங்கள். நம் கடனைச் சிலுவையிலே ரத்து செய்தவர் இயேசு ஒருவரே. இன்றைக்கே அவரிடத்தில் புக்கைத் திறந்து காட்டுங்கள். ஆமென்.