கணக்கில் ஏறாத பயணம்

மதுரைக்கு வரும் நாளில் அம்மா விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். கம்பத்தில் பஸ் ஏறிவிட்டால் நடுவில் ஒதுங்க இடமில்லை. சர்க்கரை நோயோடு நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்ததை அவருடைய பொறுமை என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

மதுரை - போடி ரயில்பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். அகலப்பாதையாக்க 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் மாதம். 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருடம். கம்பத்துக்கோ இன்றுவரை ரயில் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகப் பாதை கேட்பது பழைய கோரிக்கை.

கேட்கும்போதெல்லாம் எழும் கேள்வி, ‘கட்டுப்படியாகுமா?’ என்பது. பொதுப்பணம் அளவானது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் யாரை எண்ணிக் கணக்குப் போடுகிறோம்? பஸ்ஸில் போகிறவர்களை எண்ணலாம். பயணத்துக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட்டவளை, ‘அவ்வளவு தூரம் வேண்டாம்’ என்று நிறுத்தப்பட்ட மாணவியை எப்படி எண்ணுவது? போகாத பயணம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கூலி இல்லாததால் அடுப்படி வேலை வேலையே இல்லை என்றான கதைதான் இதுவும். வண்டியே விடாமல், ஏற ஆளில்லை என்று சொல்லிவிட முடிகிறது.

2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது பெரிய காரியம். அது சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான். மதுரை போகும் வெளியூர் பஸ்ஸுக்கு இல்லை. அந்த பஸ்ஸில் கழிப்பறையும் இல்லை.

வந்த ரயிலும் ஒரு பாடம் சொன்னது. அப்போது விட்ட தினசரி வண்டி ஒன்றுதான்: காலையில் மதுரையிலிருந்து தேனிக்கு, மாலையில் திரும்ப மதுரைக்கு. மதுரையில் குடியிருந்து தேனிப் பக்கம் பாடம் நடத்தும் எனக்கென்றே விட்டதுபோல் இருந்தது. காலையில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அம்மாவுக்கு அதனால் பயனில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டிலில் தண்ணீர் குடித்தபடி போகையில் எனக்கு உறைத்தது: பெண் என்ற ஒரே சொல்லுக்குள் நானும் அம்மாவும் ஒரே பயணி அல்ல. நான் கணக்கில் இருக்கிறேன், அவர் இல்லை. என் வசதியைப் பெண்களின் வெற்றி என்று எழுதினால், அம்மாவை விட்டெழுதிய கணக்கில் நானும் கையெழுத்திடுகிறேன்.

இப்போதும் அம்மா பஸ்ஸில்தான் வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேரே கழிப்பறைக்குப் போகிறார். அதன் பிறகுதான் ஒரு சொம்பு தண்ணீர்.