முத்திரைக்குள் அடங்காத மக்கள்

அர்ஜென்டினர்கள் கர்வம் பிடித்தவர்கள் என்று சிலியிலும் உருகுவேயிலும் மெக்சிகோவிலும் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பேச்சின் வேரைத் தேடினால் ஒரு தேசத்தின் குணத்தைவிட ஒரு நகரத்தின் வரலாறே கையில் கிடைக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதுமையும் மாட்டிறைச்சியும் ஏற்றுமதி செய்து, உலகின் செல்வ நாடுகளில் ஒன்றாக விளங்கியது அர்ஜென்டினா. அந்தச் செல்வம் குவிந்த இடம் துறைமுக நகரமும் தலைநகரமுமான புவனோஸ் அய்ரஸ். அதன் மிடுக்கைக் கண்ட அயலார், அதையே நாடு முழுவதற்கும் சூட்டிவிட்டார்கள். வடக்கே சால்டா, ஹுஹுய் மாகாணங்களில் வாழ்பவர்களும் தலைநகரத்தார் மீது இதே குறையைத்தான் சொல்கிறார்கள்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்கலாம். புகையாதுதான், ஆனால் ஒரு வீட்டு அடுப்புப் புகையைக் கண்டு ஊரே எரிகிறது என்பது நியாயமில்லை. 1967இல் அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வழிவகுத்துப் புகழ்பெற்ற ரெனே ஃபவலோரோ, சில ஆண்டுகளில் தாய்நாட்டுக்கே திரும்பி உழைத்தார். ராணுவ ஆட்சியில் காணாமற்போன தம் பிள்ளைகளைக் கேட்டு, 1977இல் அந்த ஆட்சிக்கு அஞ்சாமல் தலைநகரின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள் தாய்மார்கள். இவர்களும் அர்ஜென்டினர்களே. விதிவிலக்குகள் என்று இவர்களை ஒதுக்கினால், விதியை வகுத்தவர் யார் என்ற கேள்வி எழும். ஒரு மக்களைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒற்றை வரி, அவர்களில் யாரைச் சந்தித்தோம் என்பதை மட்டுமே சொல்கிறது. அவர்கள் யார் என்பதைச் சொல்வதில்லை.